கல்லுக் கோச்சி கட்டியவர்

லொறி ஒன்று வந்து நின்றால் எல்லாரும் அதில் என்ன ஏற்றியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அவர் குனிந்து அடியில் பார்ப்பார். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு வருகிற ரோட்டில் அவருக்கு டயர் ஒட்டும் கடை இருந்தது. உப்பு லொறி, வெங்காய லொறி, மீன் லொறி, எதற்குக் காற்றுப் போனாலும் அவரிடம்தான் வரும். ஜாக்கி அடித்துத் தூக்கியதும், டயரைக் கழற்றுமுன் ஒரு சணல் கயிற்றை எடுத்துச் சில்லுக்கும் சில்லுக்கும் நடுவே பிடித்து முடிச்சுப் போடுவார். லொறி போனபிறகு அந்த முடிச்சுகளை அடிமட்டத்தில் வைத்து அளந்து கொப்பியில் எழுதுவார். நாலைந்து கிழமையில் அதே லொறி, உள்ளதில் நாற்பதில் ஒரு பங்காக, அவர் வீட்டு அலுமாரிக்குமேல் நிற்கும்.

எல்லாம் பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் கடித்துக்கொள்ளுமே, வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடுவது, அதுதான்.

அவருடைய பெயரை எழுதவேண்டாம் என்று அவருடைய பெண்சாதி சொல்லியிருக்கிறாள். வருஷங்கள் போனாலும் அவளுக்குப் பயம் போகவில்லை. எனக்கும் போகவில்லை. ஆகவே அவர் என்றே எழுதுகிறேன்.

அந்தக் கட்டைகளை முதலில் கொண்டுவந்தது நான்தான். குவைத்தில் ஒரு வீட்டில் பதினொரு வருஷம் வேலை செய்தேன். திரும்பிவருகிற மாதத்தில், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இதைக் குப்பையில் போடு என்று எசமானி ஒரு பையைத் தந்தாள். ஒரு கட்டைகூட உடையவில்லை. எப்படிப் போடுவது? மற்றப் பெண்கள் பால்மாவும் சவர்க்காரமும் கொண்டுவந்தார்கள். நான் ஒன்பது கிலோ பிளாஸ்டிக் கொண்டுவந்தேன். என்னுடைய தங்கச்சி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவளுடைய பிள்ளைகள் ஒரு நாள் விளையாடிவிட்டு விட்டுவிட்டார்கள். பை என்னுடைய குசினி மூலையில் கிடந்தது. பக்கத்து வளவுக்காரர் அவர். வேலி கட்ட உதவிக்கு வந்தவர் அதைக் கண்டார். ஒரு கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து இரண்டையும் சேர்த்து, நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இடைவெளி இல்ல ராத்தா," என்றார். அவ்வளவுதான். பையைக் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிற பெண்களிடமெல்லாம் அவருடைய பெண்சாதி சொல்லிவிடுவாள். கறுப்பு வேணும், காப்பி நிறம் வேணும், சில்லு இருந்தால் ஒன்றையும் விடவேண்டாம். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வருகிற கார்கோ பெட்டிகளில் பேரீச்சம்பழத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு பொட்டலம் கட்டை வரும். நிறம் கிடைக்காவிட்டால் காத்திருப்பார். சாயம் பூசிக்கொள்ளலாமே என்று அவள் கேட்டதற்கு, பூசினால் தடிப்புக் கூடும், அளவு பிழைக்கும் என்றாராம்.

உள்ளது உள்ளபடி இருக்கவேண்டும் அவருக்கு. இருப்பதை விடவும் மாட்டார், இல்லாததைப் போடவும் மாட்டார். மீன் முதலாளி ஒருவர் தன்னுடைய லொறியைச் செய்து தரச் சொன்னார், கடையில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க. செய்து கொடுத்தார். முதலாளி பார்த்துவிட்டு, "இதென்ன கதவுல ஒரு கட்டை உள்ளுக்குப் போயிரிக்கி?" என்றார்.

"அது தட்டினது."

"தட்டினது எனக்குத் தெரியும். அத ஏன் இதுல செஞ்ச?"

"லொறில இரிக்கிதானே முதலாளி."

முதலாளிக்குக் கோபம். லொறியைக் கராஜில் விட்டுக் கதவை நிமிர்த்தி, அந்தக் கட்டை லொறியையும் எடுத்துக்கொண்டு நேரே டயர்க் கடைக்கு வந்தார். அவர் கடையிலிருந்து இறங்கிவந்து லொறிக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, பிறகுதான் அந்தக் கட்டையை வெளியே எடுத்து வைத்தார். முதலாளி போகும்போது, "உன்ட கண்ணுக்கு ஆறாயிரம் செலவழிச்சிட்டன்," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

கட்டைகளோடு சின்னப் பொம்மை ஆட்களும் வரும். மஞ்சள் முகம், சிரித்த வாய். அவர்களை ட்ரைவர் இடத்தில் வைக்கும்போது தலையை மட்டும் பின்பக்கமாகத் திருப்பிவிடுவார். பின்பக்கம் வெறும் மஞ்சள். ஏன் இப்படி முகமில்லாமல் என்று நான் அவருடைய பெண்சாதியிடம் கேட்டேன். கல் ஏற்றிக்கொண்டு போகிற ட்ரைவர் எவனும் இப்படிச் சிரிக்கிறதில்லை என்று அவர் சொன்னதாகச் சொன்னாள்.

அந்தக் கண் சிலருக்கு உதவியது. ஒருமுறை மணல் லொறிக்காரன் ஒருவனிடம், பின்னால் வில்லுத் தகடு போன மாதம் ஒன்பது இருந்தது, இன்றைக்கு எட்டுத்தான் என்றார். அவன் ஏசினான். பிறகு குனிந்து பார்த்தான். ஒன்று உடைந்து விழுந்திருந்தது. அவன் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் போனான். சிலருக்கு அந்தக் கண் பிடிக்காது. தங்கள் லொறியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒருவன் எழுதி வைத்திருப்பது ஆருக்குப் பிடிக்கும்?

லொறிகளை விட அவருக்குக் கோச்சியில்தான் உயிர். கொழும்புக்கு ஆட்களை ஏற்றிப்போகிற ரயில் அல்ல. சீமெந்துக்குக் கல் ஏற்றிவருகிற கோச்சி. நாங்கள் கல்லுக் கோச்சி என்போம். வெள்ளிக்கிழமை கடை பூட்டு. ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறிப் பாலாவிக்குப் போய்த் தண்டவாளத்தோரம் நிற்பார். அது சொன்ன நேரத்துக்கு வராது. ஆகவே வந்த நேரங்களையெல்லாம் கொப்பியில் எழுதினார், எந்த வெள்ளி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பெட்டி, எங்கே வேகம் குறைந்தது என்று. பெட்டியின் நீளத்தைக் காலால் அளந்தார். பாலத்துக்குப் பக்கத்தில் நின்று சில்லுகளை எண்ணினார்.

"ஆரும் கேட்டா என்ன சொல்றது ராத்தா?" என்று அவருடைய பெண்சாதி வேலிக்கு இந்தப் பக்கமாக என்னிடம் கேட்பாள். "இவர் என்னட மொகத்தக்கூட இப்படிப் பாத்ததில்ல. என்னட கன்னத்துல மச்சம் எந்தப் பக்கம் எண்டு கேளுங்க, தெரியா."

நாங்கள் சிரிப்போம். ஆனால் அவள் கேட்டது எனக்குள் கிடந்து குடையும். யுத்தம் முடிந்திருந்தது. ஆனாலும் கொப்பியில் எழுதுகிற ஆளைக் கண்டால் ஊரில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

கல்லுக் கோச்சி எஞ்சினும் ஆறு பெட்டியும் கட்டி முடிக்க மூன்று வருஷம் எடுத்தது. அதற்கிடையில் ஒருநாள் ஆமி லொறி ஒன்று ஆணி குத்தி அவருடைய கடையில் நின்றது. அதையும் கட்டினார், பச்சைக் கட்டையில், ஆறு சில்லு, மேலே பச்சைத் துணி. அந்த ஆமிக்காரப் பொடியன்கள் திரும்பவும் அந்த வழியாக வந்தபோது அதைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது அது சந்தோசமான விஷயம்.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. வைத்தவர்கள் எங்களைப்போல் முஸ்லிம் பெயர் உள்ளவர்கள். என்னோடு குவைத்தில் ஒரே குசினியில் நின்ற சிலாபத்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன். அவளும் அழுதாள். அதற்கடுத்த நாட்களில் எங்கள் பக்கம் வீடு வீடாகச் சோதனை தொடங்கியது. ஆமியும் பொலிஸும் சேர்ந்து வந்தார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் வந்தார்கள், அதைச் சொல்லவேண்டும். ஆனால் பயம் அவர்கள் வருமுன்பே வந்துவிட்டது. பெருநாளுக்கு ஆடறுக்கிற குர்பான் கத்தியைக் கிணற்றில் போட்டார்கள். அரபு எழுத்து இருக்கிறதென்று பிள்ளைகளின் மதரசாப் புத்தகத்தை எரித்தார்கள். எதை மண்ணுக்குள் தாழ்ப்பது, எதை எரிப்பது என்பதுதான் ஊரெல்லாம் கதை.

நோம்புக்கு நாலு நாள் இருந்தது. அவர் டியூப் வாங்கப் புத்தளம் போயிருந்தார். அவருடைய பெண்சாதி முக்காடுகூடச் சரியாகப் போடாமல் என்னிடம் ஓடிவந்தாள். குறிஞ்சிப்பிட்டியில் சோதனை நடக்கிறது, பகலைக்கு இங்கே வருவார்களாம்.

"அந்தப் பச்ச லொறி ராத்தா. அந்தக் கொப்பி. கோச்சி வார நேரமெல்லாம் எழுதி வெச்சிரிக்கார். நான் என்ன செய்ய?"

அவர் வரட்டும், கேட்டுச் செய்யலாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எல்லாவற்றையும் கழற்றி என்னுடைய வளவில் தாழ்ப்போம் என்று நான்தான் சொன்னேன். தனியாக இருக்கிற கிழவியின் வளவை ஆர் கிண்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் கட்டினது இலேசில் கழலவில்லை. நகம் பிய்ந்தது. மூன்று வருஷம் கட்டியதை ஒரு மணித்தியாலத்தில் உரப்பை ஒன்றுக்குள் கொட்டினோம். எஞ்சினுக்கு அடியில், முன்சில்லுகளை வலப்பக்கம் பிடித்துக்கொண்டிருந்த மூன்று கறுப்புக் கட்டைகள் மட்டும் வரவே இல்லை. நான் சின்னக் கத்தியை விட்டு நெம்பினேன். மூன்றும் வெடித்துப் பிளந்துவிட்டன. அவள் அப்போது கிணற்றடியில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். உடைந்ததைப் பையில் போட்டால் அவர் காண்பார். அவருடைய கண்ணுக்கு எது தப்பும்? ஆமிக்குப் பயந்ததை விட அந்த நேரம் நான் அவருக்குத்தான் பயந்தேன். மூன்றையும் அடுப்பில் போட்டேன். அவளிடமும் சொல்லவில்லை. கொப்பியை எரிக்க மனம் வரவில்லை, அவ்வளவு அழகான கையெழுத்து. பொலித்தீனில் சுற்றிப் பையிலேயே வைத்தேன்.

கிணற்றடி எப்போதும் ஈரம், கிண்டியது தெரியாது என்று நினைத்தோம். எங்கள் மண் வெறும் மணல். ஊரில் எல்லாரும் இதையே செய்துகொண்டிருந்தார்கள், வந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அவர்கள் வீட்டுக்குள் போகவே இல்லை. நீளக் கம்பி ஒன்றைக் குத்திக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனார்கள். இரண்டாவது குத்தில் கறக்கென்று சத்தம் கேட்டது.

பையை வெட்டிக் கொட்டினார்கள். எல்லா நிறமும் மணலில் கிடந்தது. ஒரு பொடியன் சிரித்துவிட்டான். ஆனால் அவர்களில் பெரிய அதிகாரி கொப்பியைப் பிரித்துப் பார்த்தார். பக்கம் புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது. இது ஆருடையது என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும், அந்தச் சிலாபத்து அக்கா கற்றுத்தந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அன்னிய ஆண்களுக்கு முன்னால் நான் பேசிப் பழகாதவள். பேசாமல் நின்றது எனக்கு வெட்கம், அவர்களுக்குக் கள்ளம்.

அந்த நேரத்தில் அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். தோளில் டியூப் வளையங்கள். மணலில் கிடந்ததைப் பார்த்தார். "என்னோடது சேர். இந்த ராத்தாக்கு ஒண்டும் தெரியா," என்று சிங்களத்தில் சொன்னார். ஏன் தாழ்த்தாய் என்று கேட்டார்கள். அவர் தன்னுடைய பெண்சாதியைப் பார்த்தார். அவள் பயத்தில் செய்தது என்று அழுதாள். ஜீப்பில் ஏற்றும்போது அவர் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆர் கழட்டின?"

ஜீப் கிளம்பிப் போனது.

இரண்டு இரவு போனது. மூன்றாம் நாள் காலை பொலிஸிலிருந்து ஆள் வந்து அவருடைய பெண்சாதியைக் கூப்பிட்டார்கள். விஷயம் இதுதான். அங்கேயிருந்த இன்ஸ்பெக்டர் தூக்கமில்லாமல் கண் சிவந்த மனுசர், ஆனால் நியாயமானவர். இந்தக் கணக்கெல்லாம் விளையாட்டுக் கோச்சிக்கு என்கிறாயே, அப்படியென்றால் கொப்பியில் படம் கீறியிருக்கிறபடி எஞ்சினைக் கட்டிக் காட்டு என்று பையை அவருக்கு முன்னால் கொட்டியிருக்கிறார். சரியாக வந்தால் விளையாட்டுச் சாமான் என்று எழுதி விட்டுவிடலாம். வராவிட்டால் பின்னேரம் நாலு மணிக்குப் போகிற வாகனத்தில் ஆளையும் கொப்பியையும் கொழும்புக்கு அனுப்பவேண்டும். அதற்குப் பிறகு தன்னுடைய கையில் ஒன்றும் இல்லை.

அவர் கட்டியிருக்கிறார். ஒன்றரை நாளில் கட்டிவிட்டார். ஆனால் முடிந்ததா என்று கேட்டால், இல்லை என்கிறார். மூன்று கட்டை குறைகிறதாம். எங்கே என்று கேட்டால் தெரியாது என்கிறார். இன்னொரு பை எங்கேயோ தாழ்த்திருக்கிறது என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் தேடிக் கொண்டுவா என்று அவளை அனுப்பியிருந்தார்கள்.

அவள் என்னுடைய கிணற்றடியில் முழங்காலில் நின்று மணலை அரித்துக்கொண்டிருந்தாள். சுளகில் போட்டுப் புடைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஒன்று. ளுஹர் தொழுதுவிட்டு ஆட்கள் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"விடும்மா," என்றேன். "அது மணல்ல இல்ல."

அடுப்புச் சாம்பலைக் கிளறி எடுத்தேன். மூன்றும் ஒன்றாக உருகி, பாக்களவு ஒரு கறுப்புக் கட்டி. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏசியிருந்தால் நல்லது. முகத்தைக் கழுவிவிட்டு, "வாங்க ராத்தா, பஸ் போயிடும்," என்றாள்.

பொலிஸ் படியில் நான் அதுவரைக்கும் ஏறியதில்லை. உள்ளே நீள மேசை. அதில் கல்லுக் கோச்சி எஞ்சின் நின்றது. அவர் பக்கத்தில் கதிரையில் இருந்தார், தாடி கலைந்து, மூன்று நாள் உடுப்போடு. கை விரல் நுனிகளெல்லாம் சிவந்திருந்தன. எஞ்சினின் முன்பக்கம் வலப்புறம் ஒரு நெருப்புப்பெட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். சுவர் மணிக்கூட்டில் மூன்றேகால்.

நான் முக்காட்டுத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து அந்தக் கட்டியை மேசையில் வைத்தேன். சிங்களத்தில் சொன்னேன். என்னுடைய குரல் எனக்கே கேட்கவில்லை, இன்ஸ்பெக்டர் இரண்டுதரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். கழற்றச் சொன்னது நான். கத்தியால் உடைத்தது நான். அடுப்பில் போட்டது நான். ஏன் எரித்தாய் என்று கேட்டார். இவர் கண்டால் கவலைப்படுவார் என்று எரித்தேன் என்றேன். அங்கே நின்ற பொலிஸ் பொம்பளை வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். கொப்பியில் இருந்த படத்தையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் அந்த மூன்று கட்டையும் கீறியிருந்தது. விரலை வைத்து எண்ணினார்.

பிறகு அவரைப் பார்த்து, மற்றக் கட்டை எதுவும் குறைவில்லையே, இப்போது முடிந்ததென்று எழுதலாமா என்று கேட்டார்.

அவர் நெருப்புப்பெட்டியை எடுத்தார். எஞ்சின் அந்தப் பக்கம் கொஞ்சம் சரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று ஒரு சொல், அவ்வளவுதான் வேண்டும். அவருடைய பெண்சாதியின் உதடு ஓதிக்கொண்டிருந்தது. வெளியே வாகனத்தை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. அவரால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். தட்டின கதவையே நேராக்கிக் காட்டாத மனுசர், சில்லு நிற்காத எஞ்சினை எப்படி முடிந்தது என்பார்? யா அல்லாஹ், இந்த ஒருதரம் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் என்னுடைய முகத்தை அவர் நேரே பார்த்தது அப்போதுதான். நான் குனிந்துகொண்டேன்.

"முடிஞ்சி சேர்," என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே ஒரு விரலால் எஞ்சினை மெல்லத் தள்ளிப் பார்த்தார். அது மூன்று விரற்கடை ஓடி, வலப்பக்கம் சாய்ந்து நின்றது. ஓடுகிறதே என்று சொல்லிச் சிரித்தார். பொலிஸ் பொம்பளையும் சிரித்தாள், அவருடைய பெண்சாதி அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் மட்டும் எழுந்து வந்து, சாய்ந்த பக்கத்தை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், கையெழுத்துப் போடக் கூப்பிடும் வரைக்கும்.